விழுந்தால் என்ன செய்யும்?

ஜூன் 9, திங்கள்

லட்டு திரும்பி வந்துவிட்டது.

பள்ளி வேனிலிருந்து இறங்கும்போதே பார்த்தேன், லாயத்துக்கு முன்னால் லாரி நின்றது. மாசிலா அண்ணன் பின்பலகையை இறக்கிக்கொண்டிருந்தார். எங்கள் பண்ணையில் குதிரைகளைக் கவனித்துக்கொள்பவர் அவர்தான். குதிரைக்குட்டி லட்டுவுக்கு ஒன்றரை வயது. ஏப்ரலில்தான் கோயம்புத்தூரில் ஒரு குதிரையேற்றப் பள்ளிக்கு விற்றோம்.

“எதுக்குண்ணா திருப்பி அனுப்பிட்டாங்க?”

“பழக்குற ஆள் மேலயே ஏறிட்டானாம் பாப்பா. முன்னங்காலைத் தூக்கிட்டு நெஞ்சுக்கு நேரா நின்னானாம். அந்த மனுசனுக்குக் காறை எலும்பு போச்சு. இனி உங்க பண்ணைக் குட்டியே வேண்டாம்னு சொல்லிட்டாங்க.”

பலகையில் பாதி இறங்கும்போதே லட்டு என்னைப் பார்த்துவிட்டது. கனைத்தது. கயிற்றை இழுத்துக்கொண்டு என் பக்கம் வந்தது. நான் லாரிக்கு அந்தப் பக்கம் போய் மறைந்து நின்றுகொண்டேன்.

நுஸ்ரத் அக்கா பக்கத்துக் கட்டிலில் தூங்கிவிட்டாள். டார்ச்சைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இந்தச் சின்ன நோட்டைச் சுருட்டி என் பழைய ஹெல்மெட்டுக்குள் வைப்பது வழக்கம். ஹெல்மெட் கதவுக்குப் பின்னால் இரண்டு வருடமாகத் தொங்குகிறது. அதை யாரும் தொடமாட்டார்கள். நானும்தான்.

கணக்கு வீட்டுப்பாடம் முடிக்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

இரவுச் சாப்பாட்டில் அத்தா லட்டுவைப் பற்றி மட்டும்தான் பேசினார்.

“பன்னீர் மாதிரி சாதுவான தாய் கெடையாது. அவ வயித்துல பொறந்த ரெண்டும் இப்படித் திமிரா இருக்குன்னா அது தகப்பன்கிட்ட இருந்து வந்தது. வேற எங்கருந்து வரும்?”

தகப்பன் என்றால் தாசில்தார். எங்கள் பொலிகுதிரை. வாங்கி வந்த நாளில் யார் கூப்பிட்டாலும் தலையைத் திருப்பாமல் நின்றதாம். “இதென்ன, தாசில்தார் ஆபீஸ்ல நிக்கிற மாதிரி இருக்கு” என்று அம்மா சொல்ல, அதுவே பெயராகிவிட்டது. ஒரு காலத்தில் அத்தா அதன்மேல் ஏறித் தடை தாண்டும் போட்டிகளில் கோப்பைகள் வாங்கியிருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அது என்னைக் கீழே தள்ளிவிட்டது. என் இடது கை உடைந்தது. அதற்குப் பிறகு அதன்மேல் யாரும் ஏறுவதில்லை. கடைசிக் கொட்டடியில் தனியாக நிற்கிறது.

வீட்டில் இப்படித்தான் சொல்வார்கள்.

“அடுத்த தடவை பன்னீருக்கு வேற குதிரை பாக்கணும்,” என்றார் அத்தா. “நல்லாத் தாண்டுற குதிரையா இருக்கணும், ஆனா குணம் இருக்கணும். எவ்வளவு உயரம் தாண்டுதுங்கறது ரெண்டாவது. தாண்டிட்டு வந்து எப்படி நிக்குதுங்கறதுதான் மொதல்ல. என்ன சொல்றே நுஸ்ரத்?”

என்ன சொல்றே சபீகா என்று கேட்கவில்லை.

ஜூன் 14, சனி

இன்று அத்தா நுஸ்ரத் அக்காவைப் பதினோரு முறை கூப்பிட்டார். என்னை ஒரு முறை. தண்ணீர் கொண்டுவரச் சொல்லி.

ஜூன் 15, ஞாயிறு

அத்தா ஊட்டிப் பக்கம் ஒரு பொலிகுதிரையைப் பார்க்கப் போனார். நுஸ்ரத் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனார். நான் குளித்து, புதுச் சுடிதார் போட்டு, ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றேன்.

“நீ எதுக்குப் பாப்பா? உனக்குத்தான் பயமாச்சே,” என்றார். திட்டவில்லை. சிரித்தபடிதான் சொன்னார். திட்டியிருக்கலாம்.

நுஸ்ரத் அக்கா அத்தாவின் தங்கை மகள். அவளுடைய அம்மாவும் அப்பாவும் மஸ்கட்டில் இருக்கிறார்கள். அங்கே தொடங்கிய குதிரையேற்றத்தை மேற்கொண்டு பழகுவதற்காக இரண்டு வருடத்துக்கு முன்னால் இங்கே வந்தாள். இப்போது அவளுக்குப் பதினாறு. ஒரு மீட்டர் பத்து சென்டிமீட்டர் உயரம் தாண்டுகிறாள். அவள் ஓட்டும்போது அத்தா வேலியருகே நின்று, அவளோடு சேர்ந்து தன் உடம்பையும் முன்னால் சாய்ப்பார். அவருக்கே அது தெரியாது. அவள் சரியாகத் தாண்டிவிட்டால் “என் சிங்கம்டா” என்பார். நான் பாப்பா. ஒன்பதாம் வகுப்பு வந்தும் பாப்பா.

அவர்கள் சாயங்காலம் திரும்பினார்கள். அந்தக் குதிரை சுவர் மாதிரி உயரம் தாண்டியதாம். ஆனால் அத்தாவுக்குப் பிடிக்கவில்லை. அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. குதிரையின் முதலாளியிடம் எதுவும் கேட்கமாட்டார். லாயக்காரரோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே மூன்று கேள்விகள் கேட்பார். லாரியில் ஒரே ஆள் ஏற்ற முடியுமா? பக்கத்தில் பெட்டைக் குதிரை போனால் என்ன செய்யும்? ஆள் விழுந்தால் என்ன செய்யும்? பதில்களை ஒரு நீல நோட்டில் குறித்துக்கொள்வார்.

“முதல் கேள்விக்கே அந்த ஆள் சட்டையைத் தூக்கி விலாவைக் காட்டுனாரு அத்தை. லாடம் அப்படியே பதிஞ்சிருக்கு!” என்று நுஸ்ரத் அக்கா நடித்துக் காட்டினாள். அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறினாள்.

நானும் சிரிக்கப் பார்த்தேன்.

ஜூன் 18, புதன்

கால்நடை டாக்டர் எஸ்தர் மேடம் ஜிகினாவுக்கு ஊசி போட வந்தார். ஜிகினா லட்டுவின் தங்கை. ஐந்து மாதம். மேடம் குனிந்ததும் அவர் கோட்டுப் பாக்கெட்டை முகர்ந்து, கையைக் கவ்வியது. பலமாக இல்லை. இருந்தாலும் மேடம் நிமிர்ந்து அத்தாவைப் பார்த்தார்.

“இதுக்கு யாராவது கையில தீனி குடுக்கிறீங்களா?”

“கையிலயா? எங்க பண்ணையில யாரும் குடுக்கமாட்டாங்க மேடம். தீனின்னா வாளியிலதான். சின்னதுல இருந்தே எங்க வீட்டுச் சட்டம் அது.”

“ஏன் கேக்கறேன்னா, இந்த மாதிரி பாக்கெட்டைத் தேடுற குட்டிங்க பெரும்பாலும் கைத்தீனி தின்னதா இருக்கும். குணம் அப்பன்கிட்ட இருந்து மட்டும் வர்றதில்ல. யார் பழக்குறாங்கங்கறதும் இருக்கு.”

“பழக்குறது நானும் மாசிலாவும் நுஸ்ரத்தும்தான் மேடம். நாங்க குடுக்கறதில்ல.”

மேடம் என்னைப் பார்த்தார். என் புத்தகப்பையைப் பார்த்தார் என்றும் சொல்லலாம். நான் வரலாறு டெஸ்ட்டுக்குப் படிக்க வேண்டும் என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன். வரலாறு டெஸ்ட் நேற்றே முடிந்துவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு

ஓசூர்க் குதிரை அத்தாவுக்குப் பிடித்துவிட்டது. செம்பழுப்பு நிறம், ஒன்பது வயது. லாரியில் தானே ஏறிக்கொள்கிறது. பெட்டை போனால் காதை மட்டும் திருப்புகிறது. அதன் குட்டிகள் நான்கையும் அத்தா ஒவ்வொன்றாகக் கால் தூக்கிப் பார்த்தாராம். நான்கும் தூங்குகிற மாதிரி நின்றனவாம்.

“ஆள் விழுந்தா?” என்று அம்மா கேட்டாள். அவளுக்கும் அந்த மூன்று கேள்விகளும் மனப்பாடம்.

“நேரா லாயத்துக்கு ஓடிருமாம். ஓடட்டும், தப்பில்ல. விழுந்தவனை மிதிக்காம ஓடுனாப் போதும். ஆள் விழுந்ததும் அசையாம நிக்கிற குதிரை இருந்தா, அதுக்கு மேல குணம்னு ஒண்ணு தேடவே வேண்டாம். முப்பது வருசமாக் கேட்டுட்டு இருக்கேன். நிக்கும்னு ஒருத்தரும் சொன்னதில்ல.”

நான் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

“என்ன பாப்பா, முகம் வெளுத்துப்போச்சு?” என்றார் அத்தா.

“வயித்து வலி.”

ஜூன் 25, புதன்

தாசில்தாரைக் கொடுக்கப்போகிறார்கள். திண்டுக்கல்லில் கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடுகிற ஒருவருக்கு. ஜூலை 13, ஞாயிறு காலை லாரி வரும்.

“அதுக்கு வெடிச்சத்தம் ஆகாதுங்களே,” என்றாள் அம்மா. தீபாவளி தோறும் மாசிலா அண்ணன் இரண்டு இரவும் தாசில்தாரின் கொட்டடியிலேயே படுத்துக்கொள்வார். கதவுச் சந்துகளில் சாக்கு அடைப்பார்.

“பழகிக்கும்,” என்றார் அத்தா. சொல்லும்போது தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நான் மட்டும் ஆசைப்பட்டா குடுக்கறேன்? என் புள்ளை கையை ஒடச்சுது. அப்பவே குடுத்திருக்கணும். இப்ப பண்ணைப் பேரையும் கெடுத்துருச்சு.”

ஜூன் 26, வியாழன்

தூக்கம் வரவில்லை.

ஜூலை 3, வியாழன்

எழுதிவிடுகிறேன். யார் படிக்கப்போகிறார்கள்.

வெல்லம் கொடுத்தது நான்தான்.

லட்டு பிறந்து பத்து நாள் இருக்கும். எல்லாக் குதிரைகளும் நுஸ்ரத் அக்காவின் காலடிச் சத்தம் கேட்டால் தலையை நீட்டும். என் சத்தம் கேட்டால் வைக்கோலைத் தின்றுகொண்டே இருக்கும். ஒன்றாவது, ஒரே ஒன்றாவது, அவளை விட்டுவிட்டு என்னிடம் ஓடிவர வேண்டும் என்று நினைத்தேன். சமையலறையிலிருந்து வெல்லத்தூளை விரலில் தொட்டுக்கொண்டு போனேன். லட்டு என் விரலைச் சப்பியது. மறுநாள் நான் வேலியருகே வரும்போதே ஓடி வந்தது. அன்று எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

பிறகு ஒரு விளையாட்டு கற்றுக்கொடுத்தேன். நான் தோளை இரண்டு முறை தட்டினால் லட்டு முன்னங்கால்களைத் தூக்கி என் தோள்மேல் வைக்க வேண்டும். வைத்தால் வெல்லம். அப்போது அது என் மார்பு உயரம்கூட இல்லை. கழுத்தைக் கட்டிக்கொள்கிற மாதிரி இருக்கும். என்னை யாரும் அப்படிக் கட்டிக்கொண்டது இல்லை. அதாவது, சமீபத்தில் இல்லை.

ஜிகினாவுக்கும் அதையே கற்றுக்கொடுத்தேன்.

கோயம்புத்தூரில் அந்த ஆளின் தோளில் ஏதாவது ஈ உட்கார்ந்திருக்கும். தட்டியிருப்பார். லட்டு அவரை அடிக்கவில்லை. வெல்லம் கேட்டிருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

இன்று சரிசெய்யப் போனேன். எல்லோரும் மதியம் தூங்கும் நேரம். ஜிகினா ஓடி வந்து காலைத் தூக்கியது. “கூடாது” என்றேன். மறுபடி தூக்கியது. குளம்பு என் கழுத்தெலும்பில் உரசித் தோல் கிழிந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூக்கில் பட்டென்று ஒன்று வைத்தேன்.

அது சுவரோடு ஒட்டி நின்றது. நான் கூப்பிட்டால் வரவில்லை.

அம்மாவிடம் கொய்யா மரத்தில் கீறிக்கொண்டேன் என்று சொன்னேன்.

ஜூலை 7, திங்கள்

“மாமா, ஜிகினா கை தூக்குனாலே பதறுது. முந்தாநாள் வரைக்கும் இப்படி இல்ல,” என்றாள் நுஸ்ரத் அக்கா.

“பாத்தியா? வயசு ஏற ஏற ரத்தம் பேசுது,” என்றார் அத்தா.

மாசிலா அண்ணன் தாசில்தாரின் பிடரியைச் சீவிக்கொண்டிருந்தார். அது கண்ணை மூடிக்கொண்டு அவர் தோளில் தாடையை வைத்திருந்தது.

ஜூலை 9, புதன்

“சபி, உன் யூனிஃபார்ம் பாக்கெட்டெல்லாம் எறும்பு. நான் துவைச்சுப் போட்டுட்டேன்.”

நுஸ்ரத் அக்கா இவ்வளவுதான் சொன்னாள். என் சட்டையை மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள். பாக்கெட்டின் உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி மடித்திருந்தாள். அவளுக்குத் தெரியும். ஏன் இன்னும் சொல்லவில்லை? ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கிறாளா? அத்தா முன்னால் சொன்னால் இன்னும் ஒரு முறை சிங்கம் ஆகிவிடுவாள்.

ஜூலை 11, வெள்ளி

ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டு வந்து அத்தா தாசில்தாரின் கொட்டடிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பள்ளியிலிருந்து நான் வந்த பிறகும் அங்கேயேதான் இருந்தார்.

இதையும் எழுதிவிடுகிறேன்.

அது என்னைத் தள்ளவில்லை.

நுஸ்ரத் அக்கா வந்த முதல் வாரம். எனக்குப் பதினோரு வயது. மைதானத்தின் ஒரு கோடியில் நான் தாசில்தார்மேல் நடை பழகிக்கொண்டிருந்தேன். மறுகோடியில் அத்தா எனக்கு முதுகு காட்டிக்கொண்டு அவள் தாண்டுவதைப் பார்த்தார். “அத்தா, இங்க பாருங்க” என்று இரண்டு முறை கூப்பிட்டேன். திரும்பவில்லை. நான் குதிகாலால் தாசில்தாரை ஓங்கி உதைத்தேன். ஓட வைத்தால் பார்ப்பார் என்று நினைத்தேன். அது ஒரே எட்டு வேகமாக வைத்தது. நான் சரிந்துவிட்டேன்.

கை உடம்புக்கடியில் மடங்கியது. ஆனால் ஒரு கால் சேணத்தின் அங்கவடி வளையத்தில் மாட்டிக்கொண்டது. நான் தலைகீழாகத் தொங்கினேன். அது ஒரு அடி நகர்ந்திருந்தால் என்னை இழுத்துக்கொண்டு போயிருக்கும். அது நகரவில்லை. ஒரு முன்னங்காலைத் தூக்கியிருந்தது. அதைக் கீழேகூட வைக்கவில்லை. வைத்தால் என் தலைமேல் படும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. நான் காலை உருவி எடுக்கும்வரை மூன்று காலில் நின்றது. பிறகு நான் உருண்டு விலகினேன். அப்புறம்தான் அலறினேன்.

அத்தா ஓடி வந்தார். பின்னாலேயே நுஸ்ரத் அக்கா. அவள் ஒரு தடவைகூட விழுந்ததில்லை. அவள் முன்னால் நான் என்ன சொல்வது?

“தள்ளிவிட்டுருச்சு அத்தா,” என்றேன்.

அத்தா என்னைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தாசில்தாரை விரட்டினார். விரட்டிய பிறகுதான் அது ஓடியது.

நாளை மறுநாள் ஞாயிறு.

ஜூலை 13, ஞாயிறு

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஒன்பது மணிக்கு லாரி வந்தது. திண்டுக்கல்காரர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். தாசில்தாருக்குப் போடக் கண்ணாடி பதித்த சேணத்தைக்கூட எடுத்து வந்திருந்தார். “ராஜா மாதிரி இருக்கும்ங்க” என்றார். அத்தா தலையாட்டினார். மாசிலா அண்ணன் கொட்டடியிலிருந்து தாசில்தாரை அவிழ்த்து வந்தார். அண்ணன் எங்கள் யாரையும் பார்க்கவில்லை.

“அத்தா, ஒரு நிமிசம்.”

“பாப்பா, அப்புறம்.”

“இல்லத்தா, இப்பவே. ஜிகினாகிட்ட வாங்க.”

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. அத்தா வந்தார். எல்லோரும் வந்தார்கள். நான் வேலிக்குள் போய், பாக்கெட்டில் இருந்த வெல்லக்கட்டியை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். ஜிகினா முதலில் வரவில்லை. என் கையைப் பார்த்துப் பயந்தது. நான் மண்டியிட்டு உட்கார்ந்து காத்திருந்தேன். பிறகு வந்தது. எழுந்து தோளை இரண்டு முறை தட்டினேன்.

அது ஏறியது. இரண்டு முன்னங்காலும் என் தோளில். முகத்தை என் காதோடு வைத்துக்கொண்டு வெல்லத்துக்காகக் காத்திருந்தது.

அம்மா “யா அல்லாஹ்” என்றாள்.

“லட்டுவுக்கும் நான்தான் சொல்லிக்குடுத்தேன். அது அந்த ஆளை அடிக்கலத்தா. தாசில்தார் ரத்தம் இல்ல. நான்தான்.”

அத்தாவின் முகம் கறுத்துவிட்டது. “ஒருத்தனுக்கு எலும்பு ஒடஞ்சிருக்கு. தெரியுமில்ல?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் ஒரு மாசமா வாயை மூடிட்டு இருந்திருக்கே. மேடம் கேட்டப்பகூட.” அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அழுதிருப்பேன், அழுதிருந்தால் சொல்ல வந்தது பாதியில் நின்றுபோயிருக்கும். “சரி. குட்டிங்க விசயம் வேற. உன்னைத் தள்ளிவிட்ட குதிரை அது. அது போகட்டும்.”

“அது தள்ளிவிடல. நான்தான் உதைச்சேன். நீங்க என்னைப் பாக்கணும்னு. நானாத்தான் விழுந்தேன்.”

திண்டுக்கல்காரர் கையில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நின்றார். மாசிலா அண்ணன் இப்போது என்னைப் பார்த்தார். அத்தா, லாயக்காரர்களிடம் டீ குடித்துக்கொண்டே கேட்பாரே, அந்தக் குரலில் என்னிடம் கேட்டார்.

“நீ விழுந்தப்ப அது என்ன பண்ணுச்சு?”

“நின்னுச்சுத்தா. கால் மாட்டிக்கிச்சு. எடுக்கற வரைக்கும் மூணு கால்ல நின்னுச்சு.”

அத்தா தாசில்தாரிடம் நடந்துபோனார். அதன் நெற்றியில் தன் நெற்றியை முட்டி நின்றார். அவர் முதுகு மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது. திரும்பி வந்து திண்டுக்கல்காரரிடம், “மன்னிச்சுக்குங்க. குதிரை இங்கயே இருக்கட்டும். சாப்பிட்டுத்தான் போகணும்,” என்றார்.

எனக்குத் தண்டனை: டிசம்பர் வரை எந்தக் குட்டியையும் தொடக்கூடாது. லட்டுவையும் ஜிகினாவையும் நுஸ்ரத் அக்கா திருத்திப் பழக்குவாள். நான் தினமும் வேலிக்கு வெளியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்க்க வேண்டும். அடுத்த ஞாயிறு அத்தாவோடு கோயம்புத்தூர் போய் அந்த ஆளிடம் நானே சொல்ல வேண்டும்.

அத்தா அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை.

படுக்கும்போது நுஸ்ரத் அக்காவிடம் கேட்டேன். “எறும்பைப் பாத்தப்பவே உனக்குத் தெரியுமில்ல? ஏன் சொல்லல?”

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “எறும்புக்கு முன்னாடியே தெரியும். ரெண்டு குட்டியும் என்னைத் தாண்டி உன்கிட்ட ஓடும். எனக்கு அது எரிச்சலா இருக்கும். நான் சொல்லியிருந்தா அந்த எரிச்சல்ல சொன்ன மாதிரி ஆயிருக்கும்.” போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “சொல்லியிருக்கணும்,” என்றாள்.

இவளுக்கா? என்மேலா? எனக்கு நம்ப முடியவில்லை. நான்கு முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். கொஞ்சம் சந்தோஷமாக இருக்கிறது. இருக்கக்கூடாது.

ஜூலை 16, புதன்

இன்று தோளைத் தட்டியும் ஜிகினா காலைத் தூக்காமல் நின்றது. மூன்றே நாளில். நுஸ்ரத் அக்கா வாளியில் கொள்ளு போட்டாள். ஜிகினா தின்றுவிட்டு அவள் பின்னாலேயே போனது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன். நகம் உள்ளங்கையில் பதிந்துவிட்டது.

ஜூலை 20, ஞாயிறு

கோயம்புத்தூர் போனோம். அந்த ஆளின் பெயர் வின்சென்ட் சார். கை இன்னும் கழுத்தில் கட்டிய தூளியில் தொங்குகிறது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. “தோள்ல பனியன் பட்டை நழுவுச்சு, தட்டிவிட்டேன். அதான் பண்ணேன்,” என்றார். பிறகு, “அவன் என் காதை மோந்து பாத்தான். அப்பவே எனக்குச் சந்தேகம்,” என்றார்.

திரும்பும் வழியில் உடுமலை தாண்டியதும் அத்தா ஜீப்பின் முன்பெட்டியிலிருந்து நீல நோட்டை எடுத்து என் மடியில் போட்டார். திறந்து பார்த்தேன். ஓசூர்க் குதிரைக்கு அடுத்த பக்கத்தில் தாசில்தாரின் பெயர் எழுதியிருந்தது. மூன்றாவது கேள்விக்கு எதிரே “நிற்கும்” என்று எழுதியிருந்தார். சொன்னவர் என்ற இடத்தில் வழக்கமாக லாயக்காரர் பெயர் இருக்கும். அங்கே சபீகா என்று இருந்தது. பாப்பா என்று இல்லை.

பண்ணைக்கு வந்ததும் நுஸ்ரத் அக்கா மைதானத்தில் தாண்டிக்கொண்டிருந்தாள். அத்தா அந்தப் பக்கம் போகவில்லை. மாசிலா அண்ணனிடம் தாசில்தாருக்குச் சேணம் போடச் சொன்னார். என்னைப் பார்த்து, “குட்டிங்களைத்தான் தொடக்கூடாதுன்னு சொன்னேன்,” என்றார். “போ. ஹெல்மெட்டை எடுத்துட்டு வா.”

நான் அறைக்கு ஓடினேன். கதவுக்குப் பின்னாலிருந்து அதை எடுத்தேன். பயம் போகவில்லை.

இந்த நோட்டை வைக்க வேறு இடம் பார்க்க வேண்டும்.